கூலி இல்லாத வேலை



உங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பெண்பிள்ளை இருக்கிறாளா? அப்படியானால் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையோடு வாசியுங்கள். இது என் வீட்டுக் கதை.

2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் நடந்தது. பெறுபேறு வந்தது செப்டம்பரில். பல்கலைக்கழகக் கதவு திறக்க அதற்குப் பிறகும் பல மாதங்கள் போயின. இந்த இடைக்காலத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆண்பிள்ளை என்றால் கடைக்குப் போவான், வெளிநாடு போக வழி பார்ப்பான். பெண்பிள்ளை என்றால் தையல், கேக் வகுப்பு. அதுவும் இல்லையென்றால் பெண் கேட்டு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது.

என் மூத்த மகள் ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "உம்மா, ஒரு வருசம் தோட்டத்தில வேலை செய்யப் போறேன். சேதனப் பசளையில மட்டும் பயிர் செய்ற தோட்டம். சம்பளம் இல்லை. சாப்பாடும் தங்க இடமும் தருவாங்க" என்றாள்.

இது அவளாகக் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் 1971இல், லண்டன் நகரத்தில் அலுவலக வேலை பார்த்த சூ கொப்பார்ட் என்ற பெண் தொடங்கிய ஏற்பாடு அது. வார இறுதியில் கிராமத்துக்குப் போய், இரசாயனம் இல்லாத பண்ணையில் கைகொடுத்துவிட்டு வருவது. 'வூஃப்' என்று அதற்குப் பெயர். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இளைஞர்கள் இப்படி மாதக்கணக்கில் தங்கி வேலை பழகுகிறார்கள். காலையில் நாலைந்து மணி நேர வேலை, மற்ற நேரம் அவர்களுடையது. நம் கற்பிட்டிக் கரைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி சொல்லித்தான் என் மகளுக்குத் தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கூலி இல்லாமல் மண்ணைக் கிளற என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் பயந்துபோனாள். என் கோபத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை.

சகோதரிகளே, நான் மன்னார்த் தீவில் பிறந்தவள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர் அந்த நாட்களில் ஊரிழந்தோம். எங்கள் குடும்பம் வள்ளத்தில் ஏறி, நனைந்த உடுப்போடு கற்பிட்டிக் கரையில் இறங்கியது. இந்த மண்ணின் மக்கள் சோறு தந்தார்கள், தென்னந்தோப்பில் குடிசை போட இடம் தந்தார்கள். அதை மறந்தால் நாங்கள் மனிதரல்ல.

ஆனால் சோறு எத்தனை நாளைக்கு? உம்மாவும் நானும் வெங்காயத் தோட்டத்துக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனோம். மருந்து அடித்த ஈரம் காயும் முன்னே மிளகாய் பறிப்போம். இரவில் கை எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம். ஒரு போகம் முழுக்க வேலை வாங்கிய தோட்டக்காரர் ஒருவர், கடைசியில் "விலை விழுந்துவிட்டது" என்று பாதிக் கூலியைத் தரவே இல்லை. உம்மா அன்று அழவில்லை. வீட்டுக்கு வந்து மண்வெட்டியைக் கழுவி வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது நினைவிருக்கிறதா? நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் நாட்டின் நெல்லும் தேயிலையும் அடி வாங்கிவிட்டன. மாற்றுப் பசளை கைக்கு வரும் முன்னே இருந்த பசளையைப் பறித்தால் விவசாயி என்ன செய்வான்? என் கணவரின் பீற்றூட் அந்தப் போகத்தில் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் 'சேதனப் பசளை' என்பது கெட்ட வார்த்தை!

கடைசியில் வழி சொன்னவர் என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி. உச்சமுனையில் இருக்கிறார். கணவர் மௌத்தான பிறகு கருவாடு போட்டுப் பிழைப்பவர். கற்பிட்டியிலிருந்து களப்பைக் கடந்து வள்ளத்தில் போகவேண்டிய மணல் ஊர் அது. "அந்நிய வீட்டுக்கு அனுப்ப மனமில்லையென்றால் என்னிடம் அனுப்பு. வளவு சும்மாதான் கிடக்கிறது. நட்டுப் பார்க்கட்டும்" என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஏப்ரலில் மகள் வள்ளம் ஏறினாள்.

முதல் மூன்று மாதமும் தோல்விதான். மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. கச்சான் காற்று நாற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கரையில் ஒதுங்கிய கடற்புல்லை அள்ளி வந்து மூடாக்காகப் போட்டாள். அதிலிருந்த உப்பில் கத்தரி நாற்று முழுதும் கருகிப்போனது. மதினி திட்டவில்லை. "மழையில் கழுவுப்பட்ட பிறகு போடு மகள். கடல் தருவதை அப்படியே வாங்கக் கூடாது" என்றாராம்.

பிறகு கற்றுக்கொண்டாள். காற்றுக்குக் கிடுகு கட்டினாள். குழிக்குள் தும்பும் சருகும் சாணமும் நிரப்பினாள். சாணம் என்றதும் எனக்கு வேறு கவலை, தொழுகைக்கு என்ன செய்கிறாளோ என்று. ஆலிமிடம் கேட்டோம். பசளையாகப் போடலாம், விளைச்சலில் குற்றமில்லை, உடம்பிலும் உடுப்பிலும் பட்டதைக் கழுவிவிட வேண்டும் என்றார். தோட்டத்துக்கென்று ஒரு சோடி உடுப்பைத் தனியாக வைத்துக்கொண்டாள்.

மதினி கருவாட்டுக்கு மீன் வெட்டும்போது குடலும் செவுளும் குவியும். முன்பு அது காகத்துக்குப் போகும். மகள் அதே நிறைக்குச் சர்க்கரைக்கட்டியைத் தூளாக்கிக் கலந்து, வாளியில் மூடி நிழலில் வைத்தாள். மூன்று, நான்கு வாரத்தில் மீன் வாடை அடங்கித் தேன்போல் ஒரு திரவம் இறங்கியது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து மில்லி லீற்றர் கலந்து தெளித்தால் போதும். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஐயா 2013இல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய இயற்கை வேளாண்மையில் இதற்கு மீன் அமிலம் என்று பெயர். கரையோரப் பெண்களுக்கு இதைவிட மலிவான பசளை உண்டா, சொல்லுங்கள்.

இதற்கிடையில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். வந்திருந்த மகள் தடுத்தாள். விளக்கம் சொன்னாள். கற்பிட்டித் தீபகற்பம் மணல். நிலத்தின் கீழே உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீர் ஆடைபோல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியா பயிருக்குப் போகாமல் நைத்திரேற்றாக அந்தத் தண்ணீரில் இறங்குகிறது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. இந்தப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருடங்களாகவே கண்டு சொல்லி வருகிறார்கள். சகோதரிகளே, இதை மட்டும் மறக்காதீர்கள்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை அது கெடுத்துவிடும். உடம்பு நீலம் பாயும். தோட்டத்துக்கு அருகே கிணறு உள்ளவர்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.

அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் கை எரிய வேலை செய்த தோட்டங்களின் மருந்தும் பசளையும் எங்கே போயின என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

டிசம்பரில், மழை ஓய்ந்த ஒரு நாள், நான் உச்சமுனைக்குப் போனேன். கத்தரி காய்த்திருந்தது. மிளகாய் சிவந்திருந்தது. பெரிய விளைச்சல் என்று பொய் சொல்லமாட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, "இதை வைத்துக் கடன் அடைக்க முடியாது" என்றார். உண்மைதான். ஆனால் அடுத்த போகத்துக்கு யூரியாவைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் சாணமும் சருகும் போட்டுப் பார்ப்பதாக அவரே சொன்னார். தடை போட்டு வராத மாற்றம் அது.

மகளோடு குனிந்து மிளகாய் பறித்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு! இரவில் கை எரியவில்லை. அப்போதுதான் உம்மாவின் பாதிக் கூலிக் கதையை அவளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "உம்மா, எனக்குக் கூலி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. உங்களுக்கு அது முடியல்லை, இல்லையா?" என்றாள். நான் ஒரு வருடமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

புறப்படும்போது மதினி ஒரு கூடைக் கத்தரிக்காயும் காசு கொஞ்சமும் தந்தார். மகள் காசை மறுத்தாள். "வாங்கிக்கொள். நட்டவளுக்குப் பறவை தின்றாலும் தர்மம் என்று நபியவர்கள் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். நான் பறவையில்லை, மாமி" என்று சிரித்தார். அந்தக் காசில் அவள் தன் உம்மும்மாவுக்கு ஒரு சேலை வாங்கினாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் இப்படிக் கேட்டால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். யார் வீடு, அங்கே பெண்கள் யார், படுக்கத் தனி அறை உண்டா, எத்தனை மணி நேர வேலை, நினைத்த அன்று திரும்பிவர வழி உண்டா என்று கேளுங்கள். ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். திருப்தியில்லை என்றால் சொந்தத்தில் ஒரு வளவைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டுக் கொல்லை இருக்கிறது, மீன் வெட்டிய குடலும் இருக்கிறது.

என் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது அவள் முதலில் கேட்பது, உச்சமுனைக்கு வள்ளம் எத்தனை மணிக்கு என்றுதான்.