வலங்கைமானில் துயிலும் செங்காந்தள்

கும்பகோணத்தை விட்டு மன்னார்குடிச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்படுவோர் முதலில் அரசலாற்றைக் கடப்பர். பின்னர்ச் சாக்கோட்டையைத் தாண்டி, இருமருங்கும் வயல் விரிந்த வழியே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் சென்றால், குடமுருட்டி ஆற்றங்கரையில் அமைந்த வலங்கைமானை அடைவர். இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், தஞ்சைத் தரணியின் மண்ணும் மொழியும் மணக்கும் ஊர் இது. ஆங்கில நாவன்மையால் உலகறிந்த வி. ச. சீனிவாச சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலேதான். கொடிய நோயினின்று மீண்டவர்கள் பாடையிற் கிடந்து நேர்த்திக்கடன் செலுத்தும் பங்குனித் திருவிழாவாலும் இவ்வூர் பெயர் பெற்றது. இவற்றிற்கெல்லாம் மேலாக, டெல்டாச் சிற்றூர்களுக்கு வலங்கைமான் என்றாலே வெடிதான். தீபாவளி நெருங்கும் வேளையில் இங்குள்ள வெடிக்கடைகளை நாடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுவர்.

நாம் இவ்வூருக்கு வெடி வாங்கச் செல்லவில்லை. ஒரு பூவைத் தேடிச் சென்றோம். ஆனால் முதன்முறை சென்றபோது பூவைக் காணும் பேறு நமக்குக் கிட்டவில்லை.

அது சித்திரை மாதம். ஆறு மணலாய்க் கிடந்தது. அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. வெடித்தொழிலோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் ஓட்டு வீட்டில், தாழ்வாரத்தின் ஓரமாக எட்டு மண்தொட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலே இலையுமில்லை, தண்டுமில்லை. உலர்ந்த மண் மாத்திரமே இருந்தது. "அம்மா, தொட்டிகள் எல்லாம் காலியாக இருக்கின்றனவே!" என்றோம். வீட்டு மூதாட்டியார் நகைத்தார். "காலியா இல்லீங்க ஐயா, உள்ளே தூங்குது. இப்போ தண்ணி ஊத்தினா அழுகிப் போயிடும். ஆத்துல தண்ணி வரட்டும், அதுவும் எழுந்திரிக்கும்" என்றார்.

அந்தத் தொட்டிகளில் துயின்றது செங்காந்தள்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் நிரலாக வருவதைத் தமிழ் கற்றோர் அறிவர். அந்த நிரலின் முதற்பூ செங்காந்தள். சங்கப் புலவர்கள் இதனை மகளிர் விரலுக்கும், எரியும் சுடருக்கும், பாம்பின் படத்திற்கும் உவமை காட்டினர். கலப்பை போல் வளைந்த கிழங்காதலால் கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகைத் திங்களை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும் இதற்குப் பெயருண்டு. உற்று நோக்கினால் கண் வலிக்கும் என்ற ஊர்ப்பேச்சினாலோ, கண்வலிப்பூ என்ற பெயரும் வழங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. அந்நாடு தென் ரொடீசியா என வழங்கிய நாளில், 1947-ஆம் ஆண்டு, பின்னாளில் இங்கிலாந்தின் அரசியாக முடிசூடிய எலிசபெத் இளவரசியாருக்கு அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் சார்பில் அளிக்கப்பட்ட வைர அணி, இப்பூவின் வடிவில் செய்யப்பட்டதாகும்.

இத்தகைய பூ ஆண்டில் ஏறக்குறைய பாதிக்காலம் மண்ணுக்குள்ளே மறைந்திருக்கிறது. இதில் வியப்பொன்றுமில்லை. இமயமலைச் சரிவுகளிலும் ஐரோப்பியக் காடுகளிலும் கோரிடாலிஸ் என்னும் சிறு பூஞ்செடி வகைகள் உண்டு. அவற்றுட் பல, பனி கரைந்த இளவேனிலிலே சில வாரங்கள் பூத்துவிட்டு, கோடை வருமுன் இலைகளைத் துறந்து கிழங்கினுள் ஒடுங்கிவிடும். தோட்டப் பிரியர் அவற்றைத் தொட்டியில் வைத்து, உறங்கும் காலத்தில் நீரைக் குறைத்துக் காப்பர். நம் நாட்டு வெப்பத்தில் அச்செடி பிழைப்பது அரிது. ஆயினும் அது கற்பிக்கும் பாடத்தை நம் காந்தளும் கற்பிக்கிறது. அதற்கு எழுப்பு மணி அடிப்பது பனிநீர். இதற்கு எழுப்பு மணி அடிப்பது பருவமழை. உறங்குவதை இறந்ததென எண்ணிக் கொட்டிவிடாதிருப்பதே இரண்டையும் வளர்ப்போர் முதலிற் பெறவேண்டிய அறிவு.

மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934-ஆம் ஆண்டில். நீர் இருப்பு வாய்க்கும் ஆண்டுகளில் சூன் 12-ஆம் நாள் அதன் மதகுகள் பாசனத்திற்குத் திறக்கப்படுவது வழக்கம். டெல்டா உழவர் குறுவைக்கு நாற்று விடும் அந்நாட்களே காந்தள் கிழங்கை நடுவதற்கும் உகந்தவை. மூதாட்டியார் கைக்கொள்ளும் முறையை நம் வாசகர் பொருட்டு இங்கே எழுதுகிறோம்.

கிழங்கு இரு கிளைகளாய்க் கவை போன்றிருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை பிறகு முளைக்காது. கிழங்கு எளிதில் முறியும் இயல்புடையதாதலால் பச்சை முட்டையைப் போலக் கையாள வேண்டும். ஓரடி அகலமுள்ள தொட்டி ஒன்றுக்கு ஒரு கிழங்கு போதும். தொட்டியின் அடித்துளைமேல் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். கிழங்கைப் படுக்கை வாட்டில் கிடத்தி, அதன்மேல் மூன்று விரற்கிடை மண் இருக்குமாறு மூடுவதே முறை. வயலில் கிடைக்கும் களிமண்ணை மட்டும் இட்டு நிரப்புதல் ஆகாது. நெல்லுக்குத் தேங்கிய நீர் உயிர். காந்தளுக்கோ அதுவே அழுகல். தோட்டத்தில் வைக்க விரும்புவோர், ஆற்றுப் படுகை போன்ற மணற்பாங்கான மேட்டு நிலத்தையோ, மண்ணை உயர்த்திக் கட்டிய பாத்தியையோ தேர்ந்து கொள்ளலாம்.

முளை வெளிவந்ததும் கொடி விரைந்து ஏறும். இதற்குப் பற்றுக்கம்பி தனியே இல்லை. இலையின் கூர்நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பற்றும். ஆதலால் தடித்த கம்பம் நட்டுப் பயனில்லை. மெல்லிய மூங்கிற் சிம்பு, முட்செடியின் கிளை, கயிறு ஆகியவையே இதன் சிறு விரலுக்கு அடங்கும். அரைநாள் வெயில் போதும். கறுத்த உடலில் வண்ணப் புள்ளிகளுடைய ஒருவகைப் புழு இலைகளை ஓரிரு நாட்களில் தின்று தீர்த்துவிடும். காலையில் பார்த்துக் குச்சியால் தட்டி அகற்றினாலே போதும், மருந்தடிக்கத் தேவையில்லை.

மார்கழி, தை மாதங்களில் இலை மஞ்சளாகும்போது நீரை நிறுத்திவிட வேண்டும். பழைய கிழங்கு தன்னை முழுவதும் செலவிட்டுக் கரைந்துபோக, அதனருகே புதிய கிழங்கு திரண்டிருக்கும். தொட்டியை மழைச் சாரல் படாத தாழ்வாரத்தில் அடுத்த பருவம் வரை அப்படியே வைத்தல் நன்று. தொட்டியின்மேல் பெயரெழுதி வைத்தல் அதனினும் நன்று. இல்லையேல், வீட்டைத் தூய்மை செய்வோர் வெறுந்தொட்டி என்று கருதிக் கொட்டிவிடுவர். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் அப்படி வளர்ந்த செடி பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில் மீண்டும் வலங்கைமான் சென்றோம். கடைவீதியில் வெடி வாங்குவோர் கூட்டம் நெருக்கியது. ஆனால் அந்தத் தாழ்வாரத்திலோ ஓசையில்லாத மத்தாப்புகள் எட்டுத் தொட்டிகளிலும் எரிந்துகொண்டிருந்தன! பூவிதழ் ஆறும் நெளிநெளியாய் மேல்நோக்கி மடிந்திருந்தன. புதிதாய் விரிந்த பூ பசுமை கலந்த மஞ்சளாகவும், அதற்கு மூத்தது செம்மஞ்சளாகவும், இன்னும் மூத்தது முழுச் சிவப்பாகவும், ஒரே கொடியில் மூன்று பருவமும் நின்றன. அதன் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாய்ப் பக்கவாட்டில் வளைந்திருப்பதையும் கண்டோம். தன் மகரந்தம் தன்மேல் விழாது விலகி நின்று, வண்ணத்துப்பூச்சியின் வரவுக்குக் காத்திருக்கும் ஏற்பாடு அது. அயல் நாடுகளில் இப்பூவைக் கொய்து குவளைகளில் அலங்கரிப்பர். நெதர்லாந்திலும் ஜப்பானிலும் இதற்கெனவே சாகுபடி நடைபெறுகிறது.

அழகைக் கண்டு மகிழ்ந்த நம்மிடம் மூதாட்டியார் மற்றொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த ஊர்ல மருந்து இருக்கிற இடத்துக்கு யாராவது விளக்கு ஏத்திக்கிட்டுப் போவாங்களா? இந்தக் கிழங்கும் அப்படித்தான். பேரப்பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துலதான் வெச்சிருக்கேன்."

மருந்து என்னும் சொல்லை வலங்கைமானில் கேட்பவர் வெடிமருந்தை நினைப்பர்; பிற ஊர்களில் கேட்பவர் நோய் தீர்க்கும் மருந்தை நினைப்பர். காந்தளுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். இச்செடியின் எல்லா உறுப்பிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்கிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஐரோப்பாவில் கொல்கிகம் என்னும் செடியிலிருந்து 1820-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளை, மூட்டுவீக்க நோய்க்கு மருத்துவர் மிகச் சிறிய அளவில் கொடுக்கின்றனர். பயிரின் மரபணுத் திரிகளை இரட்டிப்பாக்கும் ஆற்றல் அதற்கு உண்டென 1937-இல் அறியப்பட்டபின், புதிய பயிர் வகைகளை உருவாக்குவோருக்கும் அது கருவியாயிற்று. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் விதைக்காகவே இதைப் பந்தலிட்டுப் பயிர் செய்கின்றனர். காய் பிடிப்பதற்காக, பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையாலேயே எடுத்து வைக்கும் பொறுமை அவர்களுக்கு உண்டு.

ஆனால் அளவு மீறிய கொல்கிசினுக்கு எளிதிற் கிடைக்கும் மாற்று மருந்து இல்லை. இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என எண்ணி அவித்து உண்டு மாண்டவர்கள் உண்டு. மனம் உடைந்த வேளையில் இதை நாடி உயிரிழந்தோரும் நம் தமிழகத்திலும் இலங்கையிலும் பலர். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்தது போலத் தோன்றும்போதே உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதுபடும். ஆகவே, பிள்ளைகள் இதைக் கடித்தது தெரிந்தால், வாந்தி வரட்டும் எனக் காத்திராமலும், கைவைத்தியம் எதுவும் செய்யாமலும், அந்தக் கிழங்கின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தொட்டி மாற்றும்போது கையுறை அணிவதும், பிறகு சோப்பிட்டுக் கை கழுவுவதும், கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டு வாராதிருப்பதும் மாறா விதிகளாய் இருக்கட்டும். தவழும் குழந்தையோ, மனத்துயரில் ஆழ்ந்த ஒருவரோ உள்ள வீட்டில் இச்செடியை வளர்க்காதிருப்பதே அறிவுடைமை. அன்பின் பொருட்டு ஓர் அழகை விட்டுக்கொடுப்பதும் குடும்பத்திற்கு அணிகலமே.

இவ்வளவு அஞ்சத்தக்கதை ஏன் வளர்க்க வேண்டும் என வாசகர் கேட்கக்கூடும். நம் முன்னோர் வீட்டு எல்லையில் நொச்சியும் ஆடாதோடையும் கிளுவையும் நட்டு உயிர்வேலி அமைத்தனர். அவ்வேலியின் நிழலும் முள்ளும் காந்தளுக்கு இயற்கையான கொழுகொம்பு. யாரும் நடாமலே அது ஏறிப் பூத்தது. உயிர்வேலி போய்ச் செங்கற்சுவர் வந்த இடங்களில் அதற்குப் பற்றிக்கொள்ள இடமில்லை. மருந்துச் சரக்குக்காகக் கிழங்கைத் தோண்டி விற்றதனாலும் காட்டுக் காந்தள் அருகியது. அன்று வலங்கைமானை விட்டுப் புறப்பட்டபோது, குடமுருட்டிக் கரையோரம் எஞ்சியிருந்த ஒரு வேலியில், நொச்சிப் புதருக்கு மேலே ஒரே ஒரு கொடி நான்கு பூக்களோடு தலை நீட்டியதைக் கண்டோம். சாலையிற் சென்ற பள்ளிச் சிறுவர் சிலரை நிறுத்தி அதன் பெயரைக் கேட்டோம். மாநில மலர் எது எனப் பாடத்தில் படித்து ஒப்பிக்கத் தெரிந்த அவர்களுக்கு, கண்முன் நின்ற பூ அதுவே என்பது தெரியவில்லை.

பெயர் தெரியாத பூவை எவரும் காப்பதில்லை. நஞ்சென்று தெரியாத கிழங்கிற்கு எவரும் அஞ்சுவதுமில்லை. இரண்டு அறியாமையும் ஒன்றே. எனவே பெரியோர் உள்ள இல்லங்கள், தக்க பாதுகாப்போடு ஒரு தொட்டியிலேனும் செங்காந்தளை வைத்து, அதன் அழகையும் நஞ்சையும் ஒருங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் நலம். கிழங்கைக் காட்டு வேலியிலிருந்து பெயர்க்காமல், பயிர் செய்வோரிடமிருந்து விலைக்கு வாங்குக. ஆனியில் நட்டு, ஐப்பசியில் கண்டு மகிழ்க. தையில் இலை உதிர்ந்ததும் தொட்டியை ஓரமாக ஒதுக்கி, பெயரெழுதி, அடுத்த ஆனி வரை நீரூற்றாது காத்திருங்கள்.