மழை பெய்யக் கூடாத இடம்

மழையை வேண்டாம் என்று சொல்பவர் மிகக் குறைவு. வாடும் பயிருக்கும் வற்றிய கிணற்றுக்கும் உயிர் கொடுப்பது மழைதான். நெடுநாள் வெயிலுக்குப் பின் ஒரு மழை பெய்தால் ஊரே மகிழும். ஆனால், மழை பெய்தது என்ற செய்தி அறிவியலாளர்களைக் கலங்க வைத்த இடமும் உலகில் உண்டு. அது கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் உச்சி.

உலகின் மிகப் பெரிய தீவான கிரீன்லாந்தின் பெரும்பகுதியைப் பனிப்படலம் மூடியிருக்கிறது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 1.7 மில்லியன் சதுர கிலோமீட்டர். சில இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டரையும் தாண்டும். கடல்மட்டத்திலிருந்து 3,216 மீட்டர் உயரத்தில், அதன் உச்சியில், ஓர் ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. கோடைக்காலத்தில்கூட அங்கு வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். வானிலிருந்து விழுவதும் வெண்பனிதான்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி அந்த வழக்கம் மாறியது. வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பல மணி நேரம் மழை பெய்தது. அந்த உச்சியில் மழை பதிவானது அதுவே முதன்முறை. பெய்த மழையை அளப்பதற்கு அங்கு மழைமானி இல்லை. அப்படி ஒரு கருவி தேவைப்படும் என்று எவரும் எண்ணியதில்லை. ஆகஸ்ட் 14 முதல் 16 வரை பனிப்படலம் முழுவதிலும் பெய்த மழையின் எடை ஏறத்தாழ 7 பில்லியன் டன் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

பனி நிறைந்த இடத்தில் சிறிது மழை பெய்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். பனிப்படலத்தை ஒரு சேமிப்புக் கணக்காக எண்ணிப் பார்த்தால் விடை புரியும். வெண்பனி பெய்தால் அது வரவு. உருகிய நீர் கடலுக்கு ஓடினால் அது செலவு. மழையோ வரவைக் குறைத்து, செலவைக் கூட்டுகிறது.

முதலாவதாக, மழை பனியின் நிறத்தை மாற்றுகிறது. புதிதாகப் பெய்த வெண்பனி, தன்மீது படும் சூரிய ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். நனைந்த பனி மங்கலாகிவிடும். மேற்பனி கரைந்து அடியிலுள்ள பழைய பனிக்கட்டி வெளிப்பட்டால், அது இன்னும் கருமையாக இருக்கும். கறுப்புச் சட்டை வெயிலில் சூடேறுவதைப் போல அதுவும் வெப்பத்தை ஈர்த்து விரைவாக உருகும். மழை நின்ற பிறகும் இது தொடரும்.

இரண்டாவதாக, பனிக்குள் இறங்கும் மழைநீர் அங்கே மீண்டும் உறைகிறது. நீர் உறையும்போது தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளியிடும். ஒரு கிராம் நீர் உறையும்போது வெளிவரும் வெப்பம், 160 கிராம் பனியின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்தப் போதுமானது. இதனால் ஆழத்திலுள்ள பனியும் உருகுநிலையை நெருங்குகிறது.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பல ஆண்டுகளாகப் படிந்து இறுகிய பனியில் காற்று இடைவெளிகள் நிறைய உண்டு. அது பஞ்சு போல உருகுநீரை உறிஞ்சித் தேக்கி வைக்கும். ஆனால், இறங்கிய நீர் உறைந்து உறைந்து தடித்த பனிக்கட்டிப் பலகையாக மாறிவிட்டால், அடுத்த ஆண்டு உருகும் நீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. அது மேற்பரப்பிலேயே ஓடி, ஓடைகளாகவும் ஆறுகளாகவும் கடலை நோக்கி விரைகிறது. சில இடங்களில் ஆழமான துளைகளின் வழியே பனியின் அடிவரை விழுந்து, பாறைமீது பனி வழுக்கிச் செல்லவும் வழிசெய்கிறது.

வெப்பம் மட்டுமே எவ்வளவு நீரைத் திரட்டும் என்பதை 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் காட்டியது. சூடான காற்று கிரீன்லாந்தைச் சூழ்ந்தபோது, சில நாள்களிலேயே பனிப்படலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காட்டில் உருகுதல் நிகழ்ந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. அதே மாதம், கங்கர்லுசுவாக் என்னும் சிற்றூரில் வாட்சன் ஆறு பெருக்கெடுத்தது. ஊரின் இரு பகுதிகளை இணைத்த பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றது. மலைபோன்ற பனி உருகியதால் வந்த வெள்ளம் அது. வெப்பத்தோடு மழையும் சேர்ந்துகொண்டால் நிலைமை என்னவாகும்?

அந்தக் கேள்வி இனிக் கற்பனைக் கேள்வி அன்று. 1979ஆம் ஆண்டு முதல் ஆர்க்டிக் வட்டாரம் உலக சராசரியைவிட மூன்று முதல் நான்கு மடங்கு வேகமாகச் சூடேறி வருகிறது. காற்று 1 டிகிரி சூடேறினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே, வெண்பனியாகப் பெய்ய வேண்டியது மழையாகப் பெய்யும் நாள்கள் அங்கு கூடவே செய்யும்.

1992 முதல் 2018 வரை கிரீன்லாந்து இழந்த பனியால் உலகின் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தது. இவ்வளவுதானா என்று தோன்றலாம். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இங்கும் பொருந்தும். அந்தப் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றாலும், தாழ்வான கரைகளுக்குச் சில பத்து சென்டிமீட்டர்களே பெரிய சுமை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இந்நாடு 2013ஆம் ஆண்டு ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளராக இணைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடலோரங்களைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது.

தடுப்புச் சுவர் கடலைத் தடுக்கலாம். கிரீன்லாந்தின் உச்சியில் பெய்யும் மழையைத் தடுக்காது. அந்த மழையின் அளவு, உலகெங்கும் எரிக்கப்படும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் பொறுத்தது. அங்கு மழைமானி தேவைப்படாது என்று எண்ணிய காலம் முடிந்துவிட்டது. ஆனால், அதில் எவ்வளவு நீர் சேரப்போகிறது என்பது இன்னும் மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.