முதல் புல்லட்

திருவொற்றியூர்க்காரனுக்குப் 'புல்லட்' என்றால் தோட்டா அன்று. எங்கள் ஊரில் உருவான மோட்டார் சைக்கிள். பெயருக்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்த கம்பெனியின் வண்டி அது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது.

இப்போது நான் முதன்முதலாக வண்டி வாங்க வேண்டும். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்துக்குப் பழைய வண்டிதான் கிடைக்கும். 2023-இல் வந்த புது எஞ்சின் புல்லட்டை ஷோரூம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்!

மனம் போவதென்னவோ வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியின் பின்னால்தான். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசரை அழுத்தி, பிறகு ஓர் உதை. அந்த 'டுப் டுப்' சத்தத்துக்கு ஈடு ஏது? ஆனால் ராயபுரத்தில் நான் பார்த்த வண்டிக்கு வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். நான் ஓட்டப் பழகியதோ இதற்கு நேர்மாறு. எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னே போகும் கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பேன். பிறகு என்ன ஆகும்?

2008-க்குப் பிறகு படிப்படியாக வந்த தலைமுறையில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள், கியர் இடக்காலில், செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு. ஏ.பி.எஸ். பிரேக் கிடையாது. அது வேண்டுமானால் 2019-க்குப் பிந்திய வண்டியாக வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லை.

பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே கை காய்த்துப்போன மெக்கானிக் என் அப்பா. அவர் பழையதைத்தான் சொல்வார் என்றிருந்தேன்.

"அந்த வண்டி எனக்குத் தெரியும்டா. உன் காலுக்குத் தெரியாதே" என்றார்.

2012 மாடல் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆர்.சி. புத்தகத்தோடு சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். போகிற வழியில் அந்த ராயபுரத்து வண்டியையும் ஒருமுறை உதைத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் அப்பா.