மூன்று நாள் அவகாசம்

அமெரிக்காவில் நாம் வசித்த காலத்தில், ஒழுகும் கூரையைச் செப்பனிட எண்ணி, குடியிருந்த வீட்டையே ஈடாக வைத்துக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டோம். அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. வட்டி விகிதம் ஏறக்கூடியது என்னும் ஷரத்து அப்போதுதான் நம் கண்ணில் பட்டது. "கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன செய்வது?" என்று நம் இல்லாள் கலங்கினாள்.

தஸ்தாவேஜுக் கட்டின் அடியில் ஓர் அறிவிப்பு இருந்தது. அந்நாட்டில் 1968-ல் இயற்றிய சட்டத்தின்படி, தான் வாழும் வீட்டை ஈடு வைத்தவன், மூன்றாம் அலுவல் நாள் நள்ளிரவுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துக் கடனை ரத்துச் செய்யலாம். காரணம் கூற வேண்டியதில்லை. இக்கணக்கில் சனிக்கிழமை சேரும், ஞாயிறு சேராது. அவகாசம் தீரும் வரை பணமும் கைக்கு வாராது. கடன் கொடுப்போர் இவ்வறிவிப்பையோ முக்கிய விவரங்களையோ தரத் தவறினால், உரிமை மூன்றாண்டு வரை நீளும். அதற்குள் எழுதித் தெரிவித்தாலே போதும், வழக்குத் தொடர வேண்டுவதில்லை என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு வாங்குவதற்கென்றே பெறும் கடனுக்கு இச்சலுகை கிடையாது.

பொழுது விடிந்ததும் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தோம். நாம் செலுத்திய கட்டணமும் திரும்பி வந்தது. அந்த மழைக்காலத்திலும் கூரை ஒழுகத்தான் செய்தது. ஆயினும் அது நம்முடைய கூரையாகவே இருந்தது.