மூன்று கூட்டல்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆப் செய்து கொடுத்தேன். 2023 இறுதி. நான் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். 'லோ-கோட்' என்றால் அப்போது எங்கள் விற்பனையாளர்களுக்கு வாயெல்லாம் பல். நிரல் தெரியாதவரும் எக்செல் சூத்திரம் எழுதுகிற மாதிரி எழுதி ஒரே வாரத்தில் செயலி செய்துவிடலாம் என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. நான் ஒன்பது நாளில் செய்தேன்.

வேலை எளிது. தையல் லைன் ஒவ்வொன்றின் முடிவிலும் செக்கிங் மேசை உண்டு. தையல் விட்டது, எண்ணெய்க் கறை, ஓட்டை என்று மூன்று வகையாகப் பிரித்து, திரும்பத் தைக்க வேண்டியதை 'ஆல்டர்' என்று ஒதுக்குவார்கள். மணிக்கொரு முறை அந்த எண்ணிக்கையை நோட்டில் எழுதுவது வழக்கம். இனி போனில் பதியட்டும், பவர் ஆப்ஸில். பதிந்தது ஷேர்பாயிண்ட் பட்டியலுக்குப் போகும், அங்கிருந்து பவர் பிஐ அறிக்கைக்கு. அந்த அறிக்கையின் ஓரத்திலேயே இன்னொரு குட்டி ஆப்பைப் பதித்தேன். ஃப்ளோர் இன்சார்ஜ் ஒரு லைனின் பட்டையைத் தொட்டால் அந்த லைனின் விவரம் ஆப்புக்குள் வந்து நிற்கும். கடைசிப் பரிசோதனையில் திரும்பி வந்த பீஸ்களை அங்கேயே எழுதிச் சேமிக்கலாம். பார்க்கும் இடமும் எழுதும் இடமும் ஒன்று. டெமோவில் முதலாளி கை தட்டினார்.

ஏன் ஷேர்பாயிண்ட்? காசு. முறையான எஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பவர் ஆப்ஸை இணைக்க ஆளுக்கொரு பிரீமியம் உரிமம் வாங்க வேண்டும். ஷேர்பாயிண்ட் அவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் சந்தாவிலேயே கிடைத்தது. செலவில்லாமல் முடிப்போம் என்று சொன்னவன் நான்தான்.

மாதக் கடைசியில் செக்கிங் அக்கா ஒருவர் போன் செய்தார். அவருடைய லைனுக்கு இன்சென்டிவ் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அறிக்கைப்படி ஆல்டர் 2,038. வரம்பைத் தாண்டிவிட்டது.

"தம்பி, என்ர நோட்டுல 1,412 தானுங்க இருக்கு. போனுல பாத்தா 709ங்குது. இருவது தேதிக்கு மேல அந்த நம்பரு நகரவே இல்லீங்க. இதுல எதைத்தான் நம்பறது?"

அவர் இன்னும் நோட்டு எழுதுகிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. "அக்கா, ரிப்போர்ட் தப்பாகாது. எல்லாம் ஒரே லிஸ்ட்டிலிருந்துதான் வருது. நோட்டுல எங்கியாவது விட்டிருப்பீங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "செரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

அந்த 'செரிங்க' இரண்டு நாள் உறுத்தியது. சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கட்டிங் மேசை ஓரத்தில் அவருடைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பட்டியலின் வரிகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. நோட்டுதான் சரி.

முதலில் போன். பவர் ஆப்ஸில் 'டெலிகேஷன்' என்று ஒன்று உண்டு. கணக்கை ஆப் தானே போடாமல் தரவு இருக்கும் இடத்திலேயே போட்டு விடையை மட்டும் வாங்குவது. ஷேர்பாயிண்ட் கூட்டல் கணக்கைப் போட்டுத் தராது. அப்போது ஆப் முதல் 500 வரிகளைக் கொண்டுவந்து அதை மட்டும் கூட்டும். அமைப்பை மாற்றினால் 2,000 வரை போகலாம், அதற்கு மேல் கிடையாது. பிழைச் செய்தியும் வராது, ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். மணிக்கு மூன்று பதிவு, நாளைக்குப் பத்து மணி நேரம், அதாவது நாளுக்கு 30 வரி. பதினேழாம் வேலைநாளில் 500 நிறைந்துவிட்டது. அதுதான் அக்காவின் இருபதாம் தேதி. நான் சோதித்தபோது பட்டியலில் 40 வரி இருந்தது. சூத்திரத்தின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் எச்சரித்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன்.

அடுத்தது அறிக்கை. அது பட்டியலை நேரடியாகப் பார்ப்பதில்லை, இறக்குமதி செய்த நகலைத்தான் காட்டும். அவர்களுடைய ப்ரோ உரிமத்தில் அந்த நகலை ஒரு நாளைக்கு எட்டு முறைதான் புதுப்பிக்கும்படி நேரம் குறிக்க முடியும். இன்சார்ஜ் 12 பீஸ் என்று எழுதிச் சேமிக்கிறார். பட்டை அசையவில்லை. ஏறவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்துகிறார். மறுபடியும். பட்டியலில் மூன்று வரி. அவர்மேல் தவறில்லை, லிஃப்ட் வராவிட்டால் நாமும் பொத்தானை அப்படித்தான் அழுத்துகிறோம். எழுதியது உடனே தெரியாத இடத்தில் எழுத வசதி செய்து கொடுத்ததுதான் தப்பு. திரும்பி வந்த 313 பீஸ் அறிக்கையில் 939 ஆகியிருந்தது. மீதி 1,099. கூட்டினால் 2,038.

திருத்துவது பெரிய காரியமில்லை. எஸ்க்யூஎல் தரவுத்தளம் வாங்கினார்கள், உரிமமும் வாங்கினார்கள். அறிக்கையை 'டைரக்ட் கொயரி'க்கு மாற்றினேன். அதில் மட்டும்தான் ஆப்புக்குள்ளிருந்து அறிக்கையைப் புதுப்பிக்கச் சொல்லும் கட்டளை வேலை செய்யும். ஒருமுறை அழுத்தினால் அந்தப் பொத்தான் மங்கிவிடும்படியும் செய்தேன். இப்போது மைக்ரோசாஃப்ட் 'ஃபேப்ரிக்' தளத்தில் அறிக்கையிலிருந்தே நேராகத் தரவுத்தளத்துக்கு எழுத 2025இல் தனி வழியே தந்திருக்கிறார்கள். அதையும் டெமோவில் பார்த்தேன். சேமித்த கணமே பட்டை ஏறியது. எனக்குக் கை தட்ட வரவில்லை, கேள்விதான் வந்தது: இரண்டு தடவை அழுத்தினால்?

முதலாளியிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். எங்கள் மேலாளர் அதற்கு முந்தின இரவே "டேட்டா சிங்க் இஷ்யூன்னு சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தார். சொல்லவில்லை. அதன் பிறகு அந்த நிறுவனத்தில் எனக்கு நல்ல வேலை எதுவும் வரவில்லை, அது வேறு கதை.

லைனுக்கு அடுத்த மாதச் சம்பளத்தோடு இன்சென்டிவ் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்குள் அந்த லைனில் இரண்டு டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார்கள். பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை, அதனால் கொடுக்க முடியாது என்றது அலுவலகம். அதில் ஒருவர் இன்சென்டிவ் வெட்டியதால்தான் போனார் என்றார் அக்கா. நான் இரண்டு முறை கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

கிளம்பும்போது அக்கா நோட்டைத் திருப்பி வாங்கி, அன்றைய தேதி போட்டு, நான்கு மணிக்கான மூன்று எண்களை எழுதினார். பிறகு போனை எடுத்து அதிலும் பதிந்தார்.