சாரல் ஊரில் வெந்நீர் மெஷினுக்கு எங்கே இடம்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்கே கொண்டாட்டம்தான். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திண்டாட்டம். மேகம் விலகினால்தானே தண்ணீர் சுடும்?

அதனால்தான் தென்காசியில் ஒரு குடும்பம் ஹீட் பம்ப் வாங்க முடிவெடுத்தது. வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஆச்சிக்கு முழங்கால் வலி. காலையில் வெந்நீர் இல்லாமல் முடியாது. புறவாசல் விறகடுப்பில் வெந்நீர் போட்டு, வாளியில் அவரே தூக்கி வருவார். "ஈரத்துல வழுக்கிட்டா என்ன அத்தே செய்ய?" என்று மருமகள் தினமும் பதறுவார்.

ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா? ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் சேர்க்கிறது. அதற்கு வெயில் வேண்டாம். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற, கீசருக்கு ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம் ஆகும். ஹீட் பம்ப்புக்கு சுமார் 2 யூனிட் போதும். ஆனால், மெஷினுக்குத் தாராளமாகக் காற்று கிடைத்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும்.

மெஷின் வந்துவிட்டது. எங்கே வைப்பது?

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையைக் காட்டினார் மகன். மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டார். சூட்டை உறிஞ்சிக்கொண்டு மெஷின் குளிர்ந்த காற்றை வெளியே விடும். அடைத்த அறையில் அதே குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். தண்ணீர் சுட நேரமாகும், மின்கட்டணமும் ஏறும்.

அடுத்து மொட்டை மாடி. காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் ஒரு முறை நின்றவர்களுக்கு இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மேல்காற்று, மெஷினின் ஃபேனுக்கு நேர் எதிரே மோதினால் ஃபேன் திணறும். பக்கவாட்டில் திருப்பி வைக்கலாம்தான். ஆனால், அங்கிருந்து கீழே இருக்கும் குளியலறைக்குக் குழாயே 15 மீட்டர். குழாயில் ஆறிப்போய் நிற்கும் தண்ணீர் 2 லிட்டராவது வீணான பிறகுதான் வெந்நீர் வரும்.

கடைசியில் மெக்கானிக் காட்டியது, பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து. குளியலறை ஒட்டியே இருந்தது. குழாய்ச் செலவு குறைவு. மகனுக்கும் சம்மதம்.

ஆச்சி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த சன்னல் பக்கந்தான் அந்த வீட்டு மதினி தலை வச்சுப் படுத்துருக்கா. அவளே சொகமில்லாம கெடக்கா. நாம குளிக்கதுக்கு அவ ஏன் முழிச்சிருக்கணும்?"

மெஷின் ஓடும்போது ஏ.சி. அவுட்டோர் யூனிட்போல ஓர் இரைச்சல் இருக்கும். ஒடுங்கிய சந்தில் அது இரு சுவர்களிலும் பட்டு எதிரொலிக்கும். குளிர்ந்த காற்றும் நேராக அந்த சன்னலுக்குத்தான் போகும். நாற்பது வருடப் பழக்கத்தைவிடக் குழாய்ச் செலவு பெரிதா என்ன?

"அடுப்பை எடுத்துட்டு அங்க வைங்க" என்றார் ஆச்சி.

புறவாசல் அடுப்படியை எல்லோரும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார்கள். புகை தங்காமல் போவதற்காகப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அது. மேற்கே வீட்டுச் சுவர், மேல்காற்றை மறைத்தது. கிழக்கும் மேலேயும் திறந்த வெளி. குளியலறைக்கு நாலு எட்டு. புகை போன வழியில் காற்றும் தாராளமாக வந்துபோகும்.

நிரம்பிய தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோ என்பதால், அடுப்பைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் மேடை போட்டார்கள். பின்னால் காற்று இழுக்க இடைவெளி விட்டார்கள். மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர் வாழைக்குப் போகும்படி ஒரு சிறு குழாய். எர்த்தோடு தனி மின் இணைப்பு.

ராத்திரியில் ஓட்டுவதில்லை. மதியம் டைமர் வைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் காற்றில் சூடு அதிகம் என்பதால் மின்சாரமும் மிச்சம். தொட்டியின் உறை மறுநாள் காலை வரை சூட்டைக் காக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு மதினி சன்னல் வழியே கேட்டார்: "மிஷினு வாங்குனியளே, இன்னும் மாட்டலையா?"