மீன் வெட்டும் கைக்கு எந்த நகப்பூச்சு நிற்கும்?

மூத்த மகளின் கல்யாண ஆல்பத்தில் அம்மாவின் கை ஒரு படத்தில்கூட இல்லை. முகம் இருக்கிறது, மெரூன் பட்டுச்சேலை இருக்கிறது, கழுத்தில் இரவல் வாங்கிய ஆரம்கூட இருக்கிறது. கை மட்டும் எல்லாப் படத்திலும் முந்தானைக்குள். பத்து வருஷம் கழித்துத்தான் இளைய மகள் இதைக் கவனித்தாள். தம்பி கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து லீவு போட்டுக் குளச்சலுக்கு வந்திருந்தாள்.

"ஏம்மா கைய ஒளிச்சே வச்சிருக்க?"

"மீன் வெட்டுத கையை என்னத்துக்கு மக்களே படம் புடிக்கணும்?"

அம்மாவுக்கு வயது ஐம்பத்தைந்தைத் தொடுகிறது. விடியும் முன் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் சாளையும் அயலையும் போட்டு, பஸ் ஏறித் திங்கள்நகர் பக்கம் வீடு வீடாக விற்பார். விற்றால் மட்டும் போதாது. அங்கேயே உட்கார்ந்து செதில் சுரண்டி, குடல் எடுத்து வெட்டியும் கொடுக்க வேண்டும். முப்பது வருஷமாக உப்பிலும் ஐஸிலும் கிடந்த நகங்கள் மஞ்சளாகி, வரிவரியாகப் பிளந்து போயிருந்தன. வலது கட்டைவிரலில் நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலை அதற்குள் செருகுவதுதான் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

கையை ஒளிப்பதற்கு அவருக்கு வேறு காரணமும் இருந்தது. 2021 டிசம்பரில் இதே குளச்சல் பஸ் நிலையத்தில், நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி மீன் விற்கும் பெண் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அம்மா பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் விரல்களை மடக்கியே வைத்துக்கொள்கிறார். அடுத்தவர் மூக்குக்குப் பக்கத்தில் கை போய்விடக் கூடாதாம்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மகள் மூன்று பொருட்களை எடுத்து வைத்தாள். ஒன்று, நகத்தை முழுதாக மூடும் நீலப் பூப்போட்ட ஸ்டிக்கர். இரண்டாவது ராப், சூடு காட்டினால் இளகி, நகத்தின் வளைவுக்கு ஏற்றபடி படியும் மெல்லிய பட்டை. மூன்றாவது ஒரு பாட்டில் நெயில் பாலிஷ்.

"கியூட்டெக்ஸா?" என்றார் அம்மா. அந்தத் தலைமுறைக்கு எந்தக் கம்பெனி பாட்டிலானாலும் அது கியூட்டெக்ஸ்தான்.

பசை போட்டு ஒட்டும் பொய் நகத்தையும், லேம்ப் வெளிச்சத்தில் இறுக வைக்கும் ஜெல்லையும் மகள் வாங்கவே இல்லை. ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் வகை வேதிப்பொருள் சரியாக இறுகாமல் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜி வந்து, பிறகு ஆயுசுக்கும் விடாது. அவள் நர்ஸ். வருஷம் முழுக்க அவள் நகமும் மொட்டைதான். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டுதலில், நோயாளிகளைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கொரோனா சமயத்தில், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி அடர்நிறப் பாலிஷில் தப்பாகக் காட்டலாம் என்று எத்தனையோ பேர் விரலைத் துடைத்துவிட்ட கை அவளுடையது. மற்றவர்கள் பாலிஷை அழித்தே பழகியவள், முதல்முறையாக ஒருவருக்குப் போட்டுவிட உட்கார்ந்தாள்.

அம்மா லீவு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஜூன் 1-ல் இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கினால் ஜூலை 31 வரை மீன் வரத்து குறைந்துவிடும். அதற்கு முந்தைய வாரத்தை யார் விடுவார்கள்? சரி, வேலை செய்யும் கையிலேயே சோதித்துப் பார்ப்போம் என்று மகள் இடது கையை வாங்கிக்கொண்டாள். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் ஸ்டிக்கர், நடுவிரலுக்கு ராப், ஆள்காட்டி விரலுக்குப் பாலிஷ்.

அந்தச் சோதனை ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்கவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் சாளை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, சுண்டுவிரலில் ஸ்டிக்கர் இல்லாததைப் பார்த்துவிட்டார். பாத்திரத்தைக் கவிழ்த்து ஒவ்வொரு மீனாகத் தேடினார். வெட்டி வைத்த ஒரு சாளையின் வயிற்றுக்குள் நீலச் செதில் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"அந்தப் பிள்ளைக்க வீட்டுக் குழம்புல கெடந்திருந்தா, நாளைக்கு நான் அந்தத் தெருவுக்குள்ள போக முடியுமா?" வீட்டுக்கு வந்ததும் மிச்சம் மூன்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. உணவைக் கையாளும் கையில், உணவுக்குள் விழக்கூடிய பொய் நகம் முதலான எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. உதிர்ந்துவிடும் பாலிஷ் சில்லும் அதே கணக்குத்தான்.

ஸ்டிக்கர் ஏன் விழுந்தது என்பதை மகள் ராத்திரி கண்டுபிடித்தாள். படுக்கப் போகும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். எண்ணெய்ப் பசை உள்ள நகத்தில் எதுவும் பிடிக்காது. ஒட்டுவதற்கு முன் நகத்தை ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தியிருக்க வேண்டும். அவள் சோப்புப் போட்டு மட்டும் கழுவியிருந்தாள்.

மறுநாள் சோதனை மகளின் கைக்கு மாறியது. கல்யாண வீடு, உறவுக்காரர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். பாத்திரம் தேய்ப்பது, தேங்காய் துருவுவது, வீட்டுக்கான மீன் வெட்டுவது எல்லாம் அவள் தலையில். நகத்தில் உள்ளது உதிர்ந்தால் தெரிய வேண்டும் என்று மீன் வெட்டும்போது மட்டும் கையுறை. முதல் நாள் முடிவிலேயே விரல் நுனித் தோல் சுருங்கி வெள்ளையாகிவிட்டது. "ஒரு நாளைக்கே இப்பிடியா!" என்று அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டிக்கர், துடைத்துவிட்டு ஒட்டியும், இரண்டாம் நாள் ஓரம் கிளம்பியது. ஒரு மத்தியான விருந்துக்குப் போய் வர அது போதும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடலாம். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பாலிஷ் ஒரு தனிக் கதை. நகம் கண்ணாடி மாதிரி கெட்டி என்று நினைக்கிறோம். அது தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது, அதனால் நுனியில் விரிசல் விழுந்து சில்லாக உதிர்கிறது. அவசரமாகத் தடிப்பாகப் பூசியது ஒரே நாளில் போயிற்று. அடிப்பூச்சு போட்டு, அது காய்ந்தபின் மெல்லிசாக இரண்டு முறை பூசி, தூரிகையை நகத்தின் நுனிவிளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்துவிட்ட விரலில் மூன்றாம் நாளும் நின்றது.

அதிக நாள் நின்றது ராப்தான். நகத்தைவிட ஒரு நூல் சின்னதாகத் தேர்ந்தெடுத்து, தோலில் படாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒட்ட வேண்டும். ஆனால் ஓரத்தில் தலைமுடி சிக்கும், சேலை நூல் சிக்கும். சிக்கிய எரிச்சலில் அவள் ஒன்றைப் பிய்த்து இழுத்தாள். பட்டையோடு நகத்தின் மேல் ஏடும் வெள்ளையாக உரிந்து வந்துவிட்டது. விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். உரிந்த இடம் முழுதாக வளர்ந்து போக ஆறு மாதம் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு மெதுவாகக் கழற்றியிருக்கலாம். ஒட்டவிடாத அதே தேங்காய் எண்ணெய்தான் கழற்றவும் உதவுகிறது.

இதெல்லாம் அம்மா வாடிக்கை வீடுகளில் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஊரிலேயே ஒரு முஸ்லிம் வீட்டு அக்கா சிரித்தாராம். "நகத்துல தண்ணி படாம மூடினா எங்களுக்கு ஒளு கூடாது. அதான் எங்களுக்கு எப்பவும் மருதாணி. பேசாம அதைப் போடுங்க." உரியாது, உதிராது, சாயம் நகத்துக்குள்ளேயே இறங்கிவிடும். மகளுக்கும் இது சரி என்று பட்டது. அம்மா தலையாட்டவில்லை. "ஏற்கெனவே சூரை வெட்டுன ரத்தம் மாதிரி இருக்கும். மூணு மாசத்துக்குப் போகவும் செய்யாது. எனக்கு ஒரு நாளைக்குப் போதும்."

ஒரு நாளைக்கு என்றால் பாலிஷ்தான்.

முந்தின நாள் மதியத்தோடு வியாபாரம் நிறுத்தப்பட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மகள் நகங்களை வெட்டி, அரத்தால் ஒரே திசையில் தேய்த்து, வரிகளை நிரப்பும் அடிப்பூச்சு போட்டு, நகத்தின் நிறத்தை ஒட்டிய வெளிர் ரோஸைப் பூசினாள். வலது கட்டைவிரலைத் தொடவில்லை. எப்போதும் ஈரத்தில் இருக்கும் கையில் நகத்துக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் காப்பு போய், அந்த இடைவெளியில் கிருமி குடியேறுவதுதான் நீண்டநாள் நகச்சுற்று. அதன்மேல் பூசினால் வீக்கம் மறையாது. ரிமூவர் பட்டால் எரியும்.

"ஒன்பது வெரலுக்குப் போட்டு ஒண்ணை விட்டா அசிங்கமா இருக்காதா?"

"இருந்தா இருக்கட்டும். அதுக்கு டாக்டரைப் பாக்கணும், பாலிஷ் இல்ல."

பிறகு அம்மா இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாலிஷ் தொட்டால் ஒட்டாமல் இருக்கக் கால் மணி நேரம் போதும். உள்ளே கெட்டியாகச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கவும், தண்ணீர்க் குடத்தை நகர்த்தவும் எழுந்த அம்மாவை மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சோற்றையும் பிசைந்து அவளே ஊட்டினாள்.

கல்யாணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அடுப்பு எரியும் பக்கம் ரிமூவரைத் திறக்காதே என்று மகள் சொன்னதால், வாசலில் உட்கார்ந்து அம்மாவே துடைத்தார். பஞ்சை நகத்தின்மேல் பத்து எண்ணும்வரை வைத்து, ஒரே இழுப்பு. பிறகு எண்ணெய். திங்கட்கிழமை காலை மொட்டை நகத்தோடு ஏலத்துக்குப் போனார். மகள் ஊருக்குப் போகும் முன் தோல் டாக்டரிடம் ஒரு நடை. மருந்தோடு, வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பருத்தி உறைக்கு மேல் ரப்பர் கையுறை. மீன் வெட்டும்போது அம்மா அதைப் போடுவதில்லை, வழுக்குகிறதாம்.

படங்கள் போனுக்கு வந்தது ஒரு வாரம் கழித்து. கோயில் வாசலில் மருமகளின் நெற்றியில் அம்மா சிலுவை போடும் படம் ஒன்று இருந்தது. ஒன்பது விரலில் ரோஸ். நெற்றியைத் தொடுவது அந்தப் பத்தாவது விரல், வீங்கியபடி. போட்டோக்காரர் அதை அழகாக்கித் தருவதாகச் சொன்னாராம். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த நாள் அந்த முஸ்லிம் அக்கா வீட்டு வாசலில், மீன் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"கட்டைவெரலுக்குப் போடலியா?"

"அது நோவுதுன்னு பிள்ள விட்டுட்டா" என்றவர், போனை இடுப்பில் செருகிக்கொண்டு, சாளையை எண்ண ஆரம்பித்தார்.